ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ்: ஓடும் நீரின் இயல்பை அளந்தவர்

ஓடும் நீருக்கு இருவகை நடை உண்டு. வாய்க்காலில் மெல்ல நழுவும் நீர் கண்ணாடித் தகடு போன்று கலக்கமின்றிச் செல்லும். அதே நீர் மடை திறந்து பாயுங்கால் நுரைத்துச் சுழன்று, ஒரு துளி மற்றொரு துளியோடு மோதிக் கொந்தளித்து ஓடும். இவ்விரு நடைகளையும் மனிதன் ஆதிகாலந்தொட்டுக் கண்டு வந்துளான். எனினும், எந்நிலையில் ஒன்று மற்றொன்றாக மாறுகின்றது, அம்மாற்றத்தை ஆளும் விதி யாது என்னும் வினாவிற்கு 1883-ஆம் ஆண்டுவரை தெளிவான விடை கிட்டிற்றில்லை. அவ்விடையை அளித்தவர் மான்செஸ்டர் நகரத்து ஓவன்ஸ் கல்லூரியில் யந்திர சாஸ்திரப் பேராசிரியராக விளங்கிய ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் என்பார். அவர் பெயரால் வழங்கும் எண்ணை இன்று விமானம் கட்டுவோரும், குழாய் பதிப்போரும், இரத்த ஓட்டத்தை ஆராயும் வைத்தியரும் எடுத்தாளுகின்றனர். ஆற்றின் அடியில் கல்லைப் பற்றி வாழும் சிறு புழுக்களுக்கும் பூச்சிகளுக்கும் எவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்கிட முயல்வோரும் அவருக்கே கடன்பட்டவர் என்பதைப் பலர் அறியார். அக்கடனையும் சேர்த்துச் சொல்லும் கருத்துடன் அவ்வறிஞரின் வரலாறு ஈண்டு எழுதப்படுகின்றது.

ரெய்னால்ட்ஸ் 1842-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23-ஆம் நாள் அயர்லாந்து தேசத்து பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் குருமார் குடும்பம். கொள்ளுப்பாட்டனாரும், பாட்டனாரும், தந்தையாரும் ஸஃபோக் மாகாணத்திலுள்ள டெபாக் என்னும் சிற்றூரின் ஆலயப் பணியை அடுத்தடுத்து வகித்தவர்கள். தந்தையார் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்த தேர்ச்சி பெற்றவர். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராகவும் இருந்தவர். அஃதன்றி, விவசாயக் கருவிகளைத் திருத்தியமைத்துக் காப்புரிமை பெறும் அளவிற்குப் பட்டறை வேலையிலும் ஈடுபாடு கொண்டவர். தேவாலயமும் கணிதமும் கொல்லுலையும் ஓரில்லத்தில் கூடி வாழ்ந்தன என்று சொல்லலாம். மகனுக்கு முதற்கல்வி புகட்டியவரும் அத்தந்தையாரே.

பத்தொன்பது வயதில் இளைஞர் நேரே பல்கலைக்கழகம் புகவில்லை. ஸ்டோனி ஸ்டிராட்ஃபோர்டு என்னும் ஊரில் எட்வர்ட் ஹேஸ் என்பவர் நடத்தி வந்த யந்திரத் தொழிற்சாலையில் 1861-ஆம் ஆண்டு தொழில் பழகுபவராகச் சேர்ந்தார். இரும்பையும் நீராவியையும் கையால் தொட்டறிந்த பிறகே, அங்குக் கண்டவற்றின் காரணத்தை அறியக் கணிதம் இன்றியமையாதது என்று உணர்ந்து கேம்பிரிட்ஜ் குவீன்ஸ் கல்லூரிக்குச் சென்றார். 1867-இல் நடந்த கணிதப் பெருந்தேர்வில் ஏழாமிடம் பெற்றுத் தேறினார். நம் மாணவருள் பலர் இவ்வரிசையை மாற்றி, முதலில் சூத்திரமும் பின்னர்ப் பொருளும் கற்கின்றனர்; அஃது அவர்தம் பிழையன்று, நம் பாடத்திட்டங்களின் பிழையே.

சிறிது காலம் இலண்டனில் கட்டுமானப் பொறியாளரிடம் பணி செய்தபின், 1868-ஆம் ஆண்டில் ஓவன்ஸ் கல்லூரியில் புதிதாக ஏற்பட்ட யந்திர சாஸ்திரப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார். வயதோ இருபத்தைந்து, செய்து முடித்த பெருங்கட்டுமானம் ஒன்றையும் காட்ட இயலாத நிலை. ஆயினும் பதவி அவருக்கே கிடைத்தது. இங்கிலாந்தில் அத்தகைய பதவியே அக்காலத்தில் அரிது. அவ்வாண்டிலேயே சார்லட் சாட்விக் என்னும் நங்கையை மணந்தார். ஓராண்டிற்குள் அவ்வம்மை காலமானார். மறுமணம் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1881-இல்தான் நடந்தது. இடைப்பட்ட அந்நெடுங்காலத்தில் அவர் மனம் எவ்வாறிருந்தது என்பதை எழுத்தில் அவர் வெளிப்படுத்தவில்லை. அடுத்த முப்பத்தேழு ஆண்டுகளும் அவர் அக்கல்லூரியை விட்டு வேறெங்கும் செல்லவில்லை.

ஆசிரியர் என்ற முறையில் அவரைப்பற்றி வழங்கும் கதைகள் சுவையானவை. பிற்காலத்தில் எலக்ட்ரானைக் கண்டறிந்து புகழ்பெற்ற ஜே. ஜே. தாம்ஸன் பதினான்கு வயதில் ஓவன்ஸ் கல்லூரியிற் சேர்ந்து இவரிடம் பயின்றவர். அவர் நினைவு கூர்ந்தெழுதியதன் சாரம் வருமாறு: ரெய்னால்ட்ஸ் மேலங்கியை இழுத்து மாட்டிக்கொண்டு வகுப்பிற்குள் விரைந்து வருவார், மேசை மீதுள்ள ராங்கின் என்பாரின் நூலை எதேச்சையாகப் பிரிப்பார், கண்ணிற் பட்ட சூத்திரம் ஒன்றைத் தவறென்று கூறிவிட்டு, அதனை மெய்ப்பிக்கக் கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டு தமக்குத் தாமே பேசியவாறு எழுதுவார், எழுதியதை அழித்து மறுபடியும் தொடங்குவார், மணி அடிக்கும் நேரத்தில் ராங்கின் கூறியதே சரி என்று முடிப்பார். கணக்கிடும் நழுவுகோலைக் கற்பிக்கையில் மூன்றை நான்கால் பெருக்கி, விடை பதினொன்றே முக்காலுக்குச் சற்று மேல் என்று கண்டு, நம் காரியத்திற்கு இது போதும் என்ற பாவனையில் மேலே சென்றதாகவும் ஒரு கதை உண்டு. சராசரி மாணவனுக்கு இவ்வாசிரியரால் பயன் மிகுதியில்லை என்றே கருத வேண்டியுள்ளது. ஆனால் ஓர் அறிஞர் பிழை செய்து, அதை உணர்ந்து, மீளும் வழியைக் கண்முன் காணும் பேறு கூரிய மாணவனுக்குக் கிடைத்தது.

அவரிடம் மற்றொரு வழக்கமும் இருந்தது. ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டால், அதுபற்றிப் பிறர் எழுதியவற்றை முதலிற் படிக்கமாட்டார். தாமே தொடக்கத்திலிருந்து சிந்திப்பார். தம் முடிவிற்கு வந்தபின்னரே பிறர் நூல்களைப் புரட்டுவார். இதனால் அவருடைய எழுத்தில் புதுமையும் உண்டு, கடினமும் உண்டு. மழை பெய்தால் கடலலை ஏன் அடங்குகின்றது, ஒலி காற்றில் எவ்வாறு வளைகின்றது, ஈரமான கடற்கரை மணலில் கால் வைத்தவுடன் காலைச் சுற்றிலும் மணல் ஏன் உலர்ந்து வெளுக்கின்றது என்பன போன்ற, எவரும் கண்டு கடந்து செல்லும் நிகழ்ச்சிகளே அவரை நிறுத்திச் சிந்திக்க வைத்தன. மணலைப் பற்றிய விடையை 1885-இல் தந்தார்: நெருங்கி அடுக்கப்பட்ட மணிகள் அழுத்தப்படும்போது ஒன்றன்மேலொன்று ஏறி இடைவெளியைப் பெருக்குகின்றன, அவ்விடைவெளிக்குள் நீர் இறங்கிவிடுகின்றது, மேற்பரப்பு உலர்ந்தது போல் தோன்றுகின்றது. அச்சும் அதனைத் தாங்கும் உருளையும் உராயாதபடி எண்ணெய்ப் படலம் எங்ஙனம் தாங்குகின்றது என்பதை 1886-இல் கணிதத்தால் விளக்கினார். நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் நீராதலின், இவற்றை இம்மட்டில் நிறுத்துவோம்.

நீரைப்பற்றி அக்காலத்து அறிஞரிடையே ஒரு முரண்பாடு நிலவிற்று. பிரான்ஸ் தேசத்து வைத்தியராகிய புவாஸேய் என்பவர் மயிர் போன்ற நுண்குழாய்களில் நீரைச் செலுத்தி, தடை வேகத்திற்கு நேர்விகிதமாக உயர்கின்றது என்று கண்டார். அதே தேசத்துப் பொறியாளராகிய தார்ஸி, நகருக்கு நீர் வழங்கும் பெருங்குழாய்களை ஆராய்ந்து, தடை ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்கின்றது என்று அறிவித்தார். இருவரும் நேர்மையான சோதனையாளர். இருவர் கருவிகளும் குற்றமற்றவை. ஒரே நீர் இரண்டு சட்டங்களுக்கு உட்படுவது எங்ஙனம்?

ரெய்னால்ட்ஸ் இதற்குச் செய்த சோதனை எளிமையில் ஒப்பற்றது. ஆறடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றில் நீரை நிரப்பி, பல மணி நேரம் அசையாமல் இருக்கவிட்டார். தொட்டிக்குள் நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்று படுக்கையாக வைக்கப்பட்டது. அதன் வாய் எக்காளம் போல் விரிந்த மரவாய். அவ்வாயின் நடுவே மெல்லிய குழல் மூலம் சாய நீர் சிறிது சிறிதாக விடப்பட்டது. மறுமுனையில் உள்ள அடைப்பானைச் சற்றே திறந்தபோது, சாயம் குழாயின் முழுநீளத்திற்கும் ஓர் இழை போல் நேராகச் சென்றது. வேகத்தைச் சிறிது சிறிதாகப் பெருக்கினார். ஓர் எல்லையைத் தாண்டியதும், குழாயின் வாயிலிருந்து சிறிது தூரத்தில் அவ்விழை திடீரெனக் குலைந்து நீர் முழுவதும் சாயம் பரவிற்று. மின்பொறியின் கணநேர வெளிச்சத்தில் நோக்கியபோது, கலங்கல் என்று தோன்றிய அது எண்ணிறந்த சிறு சுழல்களின் கூட்டமாகக் காட்சியளித்தது.

பருத்த குழாய், மெலிந்த குழாய், குளிர்ந்த நீர், வெதுவெதுப்பான நீர் என மாற்றி மாற்றிச் சோதித்தார். மாற்றம் நிகழும் வேகம் ஒவ்வொன்றிலும் வேறு. ஆனால் வேகத்தைக் குழாயின் விட்டத்தாலும் நீரின் அடர்த்தியாலும் பெருக்கி, நீரின் பாகுத்தன்மையால் வகுத்தால், கிடைக்கும் எண் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றது. அவ்வெண்ணுக்கு அடி, அங்குலம், நொடி என்ற அலகு ஏதுமில்லை. அது சிறிதாயின் பாகுத்தன்மை வென்று நீரை வரிசைப்படுத்துகின்றது; பெரிதாயின் நீரின் உந்துவிசை வென்று வரிசையைக் குலைக்கின்றது. புவாஸேயின் நுண்குழாய்களில் எண் சிறிது; தார்ஸியின் பெருங்குழாய்களில் பெரிது. இருவரும் சொன்னது உண்மையே. நீரை மிக அமைதியாக வைத்துக்கொண்டால் சுமார் 13,000 வரையில் சாய இழை குலையாமல் நிற்கக் கண்டார். முன்னரே கலங்கிய நீர் மீண்டும் சீர்ப்படுவதற்கோ எண் சுமார் 2,000-க்குக் கீழ் இறங்க வேண்டும் என்று ஈயக்குழாய்ச் சோதனையால் அறிந்தார். இவ்வாராய்ச்சி 1883-இல் இராயல் சங்கத்தின் பிலசாபிகல் டிரான்ஸாக்ஷன்ஸ் என்னும் வெளியீட்டில் வந்தது. அவ்வெண்ணுக்கு அவர் பெயரை 1908-இல் இட்டவர் ஜெர்மனி தேசத்து ஸாமர்ஃபெல்ட்.

இவ்வெண்ணைக் கையிற்கொண்டு ஓர் ஓடைக்குச் செல்வோமாக. அரை மீட்டர் ஆழமும் நொடிக்கு அரை மீட்டர் வேகமும் உள்ள சாதாரண ஓடைக்கு எண் சுமார் 2,50,000. ஆகவே ஆறென்று பெயர் பெற்றது எதுவும் பெரும்பாலும் கொந்தளித்தே ஓடும். அவ்வோடையின் அடியில், நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகமுள்ள நீரில் நிற்கும் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள புழுவிற்கு எண் சுமார் 1,000. அன்றே முட்டையினின்று வெளிவந்த அரை மில்லிமீட்டர்க் குஞ்சு, நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் ஓட்டத்தில் இருக்குமாயின், எண் வெறும் 5. தாய்க்கு நீர் தள்ளிச் செல்லும் வெள்ளம். குஞ்சுக்கு அது தேன்பாகு. ஓரினத்துப் பிராணி வளருந்தோறும் ஓர் உலகினின்று மற்றோர் உலகிற்குக் குடிபெயர்கின்றது. இன்னுமொன்று: உறையும் நிலையிலுள்ள நீரின் பாகுத்தன்மை நம் நாட்டு வெதுவெதுப்பான நீரினுடையதைப்போல் இரு மடங்கு. அதே வேகம், அதே உடல். எண் மட்டும் பாதி. நீரின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளாமல் வேகத்தை மட்டும் அளந்து வருவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

ரெய்னால்ட்ஸ் ஆற்றையும் நேரே எடுத்துக்கொண்டார். மான்செஸ்டருக்குக் கடற்கப்பல் வரும் கால்வாய் வெட்டுவது பற்றி அக்காலத்தில் பெரும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. மெர்ஸி ஆற்று முகத்துவாரத்தில் கரை கட்டினால் மணல் எங்குப் படியும், லிவர்ப்பூல் துறைமுகம் தூர்ந்துபோகுமா என்று வக்கீல்களும் பொறியாளரும் வாதாடினர். ரெய்னால்ட்ஸ் வாதத்தை விட்டுத் தொட்டியைக் கட்டினார். 1885-இல், ஒரு மைலுக்கு இரண்டு அங்குலம் என்ற அளவில் அம்முகத்துவாரத்தைச் சிறிய உருவில் அமைத்து, அடியில் மணலைச் சமமாகப் பரப்பி, யந்திரத்தால் கடலேற்றமும் வற்றமும் மாறி மாறி நிகழுமாறு செய்தார். பன்னிரண்டரை மணி நேரத்திற்கு ஒருமுறை நிகழும் ஏற்ற வற்றம் அச்சிறு கடலில் ஒரு நிமிடத்திற்குள் முடிந்தது. நீளத்தையும் ஆழத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் நீர் படலமாக மெலிந்து, பாகுத்தன்மைக்கு ஆட்பட்டுவிடும் என்பதை அவர் அறிவார். ஆதலின் ஆழத்தை மட்டும் மிகுதியாக வைத்தார். ஆயிரக்கணக்கான ஏற்ற வற்றங்களுக்குப் பிறகு நோக்கியபோது, சமமாக இருந்த மணலில் மெர்ஸியின் உண்மையான கால்வாய்களையும் திட்டுக்களையும் ஒத்தவை தாமாகத் தோன்றியிருந்தன. மணல் பரப்பி ஆற்றுமாதிரி அமைப்பதில் பிரான்ஸ் தேசத்து ஃபார்க் என்பார் 1875-லேயே போர்தோவில் அவருக்கு முந்தினார். கடலேற்றமுள்ள முகத்துவாரத்தை அங்ஙனம் செய்து காட்டியது ரெய்னால்ட்ஸின் பெருமை. ஆற்றுமாதிரி நிலையங்கள் பிற்காலத்தில் பல தேசங்களில் எழுந்தன.

இனி, அவருடைய மற்றொரு பெருங்காரியத்திற்கு வருவோம். அதுவே அவர் செய்தவற்றுள் மிகக் கடினமானது. ஆற்றுயிர்களின் கணக்கிற்கு மிக நெருங்கியதும் அதுவே. கொந்தளிக்கும் நீரில் ஓரிடத்தின் வேகம் கணந்தோறும் மாறுகின்றது. அவ்வளவையும் கணித்தல் எவராலும் ஆகாது. 1895-இல் ரெய்னால்ட்ஸ் ஒரு வழி கூறினார். வேகத்தை இரு கூறாகப் பிரிப்போம்: ஒன்று சராசரி; மற்றொன்று அச்சராசரியினின்று விலகியாடும் ஆட்டம். நீரியக்கத்தின் சமன்பாடுகளை இங்ஙனம் பிரித்துச் சராசரி எடுத்தால், சராசரி வேகத்திற்கு உரிய சமன்பாடு கிடைக்கின்றது. ஆனால் ஆட்டம் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. புதியதோர் அழுத்தம் போல் அது சமன்பாட்டிற்குள் வந்து நிற்கின்றது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவன் கொல்லை வழியாக வந்து திண்ணையில் அமர்ந்ததை ஒக்கும் அது. அதன் அளவைக் காணப் புதிய சமன்பாடு எழுதினால், அதில் மேலும் அறியப்படாதன பல தோன்றுகின்றன. இம்முடிச்சு இன்றுவரை முழுதும் அவிழவில்லை. அனுபவத்தால் பெற்ற ஊகங்களைக்கொண்டே கணக்கை முடிக்கின்றனர்.

இக்கட்டுரை இராயல் சங்கத்தில் பட்ட பாடு குறிப்பிடத்தக்கது. அதனைப் பரிசோதிக்க நியமிக்கப்பெற்றவர் ஸ்டோக்ஸ், லாம் ஆகிய இருவர். நீரியக்கக் கணிதத்தில் அவ்விருவருக்கு மேலானவர் அன்று உலகில் இலர். ஸ்டோக்ஸ் நெடுநாள் தாமதித்து, தம்மால் இதனைத் தெளிவாக மதிப்பிட இயலவில்லை என்ற கருத்தைத் தெரிவித்தார். லாம், பல பகுதிகள் இருண்டு கிடக்கின்றன என்று குறை கூறினார். ஆயினும் இத்துறையில் ரெய்னால்ட்ஸ் பெற்றிருந்த நன்மதிப்பை எண்ணி வெளியிடலாம் என்று இருவரும் இசைந்தனர். இன்று அதனைப் படிப்போர்க்கும் அக்குறை நியாயமாகவே படும். எளிதாக எழுதியிருக்கலாம், எழுதவில்லை. வகுப்பில் கரும்பலகையை நோக்கிப் பேசியவர் கட்டுரையிலும் அவ்வாறே பேசினார் போலும். எனினும் மறுத்திருப்பின் இழப்பு பெரிதாயிருக்கும்.

ஏனெனில், இன்று ஆற்றின் ஓட்டத்தைக் கணிப்பொறியில் கணிப்போர் பெரும்பாலும் ரெய்னால்ட்ஸின் சராசரிச் சமன்பாடுகளையோ, அவற்றை ஆழத்திலும் சராசரிப்படுத்திச் சுருக்கிய உருவத்தையோ கையாளுகின்றனர். அணை கட்டிய ஆறுகளில் எவ்வளவு நீரைத் திறந்துவிட்டால் கீழ்ப்புறத்து உயிர்கள் பிழைக்கும் என்ற வினா 1970-களில் அமெரிக்காவில் வலுப்பெற்றது. அங்கு ஏற்பட்ட முறை இது: ஆற்றைப் பல கட்டங்களாகப் பிரிப்பர்; ஒவ்வொரு கட்டத்திற்கும் இவ்வளவு நீர் வந்தால் ஆழம் என்ன, வேகம் என்ன என்று கணிப்பர்; ஒரு பிராணி விரும்பும் ஆழம், வேகம், அடித்தரை ஆகியவற்றிற்குச் சுழியம் முதல் ஒன்று வரை மதிப்பிட்டு, அவற்றைப் பெருக்கி, கட்டத்தின் பரப்பாலும் பெருக்கிக் கூட்டுவர். கிடைப்பது அந்நீரளவில் அப்பிராணிக்குப் பயன்படும் வாழிடத்தின் பரப்பு. முதலில் மீன்களுக்கென எழுந்த இம்முறை பின்னர்ப் புழு பூச்சிகளுக்கும் எடுத்தாளப்பட்டது.

இங்கேதான் இடர் தோன்றுகின்றது. அளப்போர் ஆழத்தின் சராசரி வேகத்தை, மேற்பரப்பிலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே அளந்து பெறுவர். மீனுக்கு அது பொருந்தலாம். ஆனால் கல்லின் மேல் ஒட்டிய புழு அவ்வுயரத்தில் வாழ்வதில்லை. மலையோடை ஒன்றில் முழங்கால் அளவு நீரில் நின்று ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தவர் இதனை அறிவர். காலை இழுக்கும் வெள்ளத்தின் அடியில், கையளவு கல்லின் கீழ்ப்புறத்தில், தட்டையான உடலுடைய பூச்சிகள் ஓடி ஒளியும். பட்டிழையால் வலை கட்டி அமர்ந்த காடிஸ் புழு வரும் உணவிற்குக் காத்திருக்கும். கல்லின் மேற்புறத்திலோ கரிய ஈயின் புழு தானே நெய்த பட்டுத் திண்டில் கொக்கியால் பற்றி நின்று நீரைச் சலித்து உண்ணும். வெள்ளம் கூடினால் முதலாவது அழியும். வெள்ளம் குறைந்தால் பின்னவை பட்டினி கிடக்கும். ஓர் எண்ணால் இவ்வளவையும் அடக்குவது எங்ஙனம்?

நம் நாட்டு விலங்கியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா மலையருவிகளின் உயிர்களை ஆராய்ந்தவர். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படாமல் அவை பற்றிக்கொள்ளும் உறிஞ்சுகள், கொக்கிகள், தட்டையான உடலமைப்பு ஆகியவற்றைப்பற்றி அவர் எழுதிய பெருங்கட்டுரை 1930-இல் வெளிவந்தது. ரெய்னால்ட்ஸின் இரு பெருங்கட்டுரைகளும் வந்த அதே பிலசாபிகல் டிரான்ஸாக்ஷன்ஸில்தான் அதுவும் வந்தது. ஒருவர் நீரின் பக்கமிருந்தும் மற்றவர் உயிரின் பக்கமிருந்தும் ஒரே கல்லை அணுகினர் என்று எண்ணத் தோன்றுகின்றது.

பின்வந்தோர் சிலர், கல்லை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் ஓட்டமற்றது. தட்டையான பூச்சிகள் அதற்குள் அமைதியாக வாழ்கின்றன என்று கருதினர். 1982-இல் லேசர் ஒளியால் பூச்சியின் முதுகின் மேலேயே வேகத்தை அளந்து பார்த்தபோது அக்கொள்கை ஆட்டங்கண்டது. பாகுத்தன்மை ஆளும் படலம் ஓடைகளில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னமே. பூச்சியின் உடல் அதனைத் தாண்டி நிற்கின்றது. அதன்மேல் மோதுவது சராசரி அன்று. ரெய்னால்ட்ஸ் தனியே பிரித்து வைத்த அந்த ஆட்டமே. ஒரு நொடியில் வரும் திடீர் வீச்சு, நாள் முழுதும் தாங்கிய சராசரியைக் காட்டிலும் வலிது.

ஆகவே அடித்தரையின் விசையை நேரே அளக்கும் எளிய உபாயம் ஒன்றை 1980-களின் இறுதியில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் வகுத்தனர். ஒரே பருமனும் வெவ்வேறு எடையும் உள்ள இருபத்து நான்கு அரைக்கோளங்களை, ஆற்றடியில் சமமாக வைத்த தகட்டின் மேல் ஒவ்வொன்றாக இடுவர். நீர் நகர்த்தும் மிகக் கனமான அரைக்கோளம் எதுவோ அதன் எண் அவ்விடத்து விசையைக் குறிக்கும். எந்தப் பூச்சி எந்த எண்ணில் மிகுதியாகக் காணப்படுகின்றது என்று கணக்கெடுத்து, அதனை ஓட்டக் கணிப்போடு இணைத்தனர். ஸ்டுட்கார்ட் நகரில் 1990-களில் உருவான கணிப்புமுறையில் இதற்கு இடமளிக்கப்பட்டது. விலையுயர்ந்த கருவிகளுக்கிடையே இவ்வரைக்கோளங்களைக் கண்டிருப்பின் ரெய்னால்ட்ஸ் மகிழ்ந்திருப்பார் என்று துணிந்து கூறலாம். சாயத்தையும் தொட்டியையும் கொண்டு உண்மையை வரவழைத்தவர் அவர்.

மின்சாரத் தேவைக்கேற்பக் காலையில் ஒரு வெள்ளமும் நண்பகலில் ஒரு வறட்சியுமாக அணைநீரைத் திறந்து மூடும் ஆறுகளில் இக்கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. நாள் முழுவதன் சராசரி நீரளவு சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆயினும் புழு அடித்துச் செல்லப்படுவது வெள்ளம் வந்த அந்த அரைமணியில். உலர்ந்து மடிவது வறண்ட அந்த மூன்று மணியில். பூச்சி மறைந்தபின் அதனை உண்ணும் மீன் நெடுநாள் நிற்பதில்லை.

ரெய்னால்ட்ஸுக்குப் புகழ் குறைவின்றி வந்தது. 1877-இல் இராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். 1888-இல் அச்சங்கத்தின் இராயல் பதக்கம் பெற்றார். மான்செஸ்டர் இலக்கிய தத்துவ சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அந்நகரத்து ஜூலின் வாழ்க்கை வரலாற்றை 1892-இல் எழுதினார். 1897-இல் மூர்பி என்பாருடன் சேர்ந்து, வெப்பத்திற்கும் உழைப்பிற்கும் உள்ள ஜூலின் விகிதத்தைப் பெரிய யந்திரங்களால் மறுபடியும் அளந்தார்.

முதுமையில் அவர் மனம் வேறொரு திசையிற் சென்றது. கடற்கரை மணலில் கண்ட உண்மையைப் பிரபஞ்சம் முழுவதற்கும் விரித்து, ஆகாயவெளி யாவும் நுண்மணிகளால் நெருங்கி நிறைந்தது. நாம் பொருளென்று காண்பன அவ்வடுக்கில் நேர்ந்த குறைகளே என்று ஒரு கொள்கையைக் கட்டினார். 1903-இல் அது தனி நூலாகவே வெளிவந்தது. அடுத்த ஆண்டில் ஜான் காலியர் தீட்டிய ஓவியத்தில், சிறு குண்டுகள் நிறைந்த கிண்ணத்தைக் கையில் ஏந்தியவராக ரெய்னால்ட்ஸ் காட்சியளிக்கின்றார். தம் வாழ்வின் முடிமணி அதுவே என்று அவர் நம்பினார். உலகம் அதனை ஏற்கவில்லை. இன்று அதனைப் படிப்பவரும் அரியர். உடல்நலம் குன்றி 1905-இல் பதவி விலகினார். ஸாமர்ஸெட் கடற்கரையிலுள்ள வாட்செட் என்னும் ஊரில் 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 21-ஆம் நாள் காலமானார்.

அவர் சோதனை செய்த கருவி மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டு வந்தது. ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின் அதே கருவியில் நீரை நிரப்பி, சாயத்தை விட்டு, அங்குள்ளோர் அச்சோதனையை மறுபடியும் நடத்திப் படம் பிடித்தனர். இழை நேராகச் சென்றது, பின்னர்க் குலைந்தது. ஆனால் ரெய்னால்ட்ஸ் கண்ட 13,000 என்ற எண்ணை எட்டு முன்னரே அது குலைந்துவிட்டது. வெளியே தெருவில் ஓடும் மோட்டார் வண்டிகளின் அதிர்வு தொட்டி நீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் காலத்தில் அத்தெருவில் குதிரை வண்டிகளே சென்றன.